திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் சிறு உணவுக் கடையின் வருமானத்தைக் கூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று நாள் முதல் பத்து நாள் வரை நடக்கும் கோயில் திருவிழா, பொருட்காட்சி, புத்தகத் திருவிழா ஆகிய இடங்களில், பத்தடிக்குப் பத்தடி இடத்தில், மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் பஜ்ஜி, போண்டா, டீ, சர்பத் கடைகளுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய கடைகளை நானே நடத்தியிருக்கிறேன். புதிதாகத் தொடங்கிய மகளிர் குழுக்களுக்குப் பக்கத்தில் நின்று உதவியும் இருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கூட்டம் போதவில்லை என்று நினைத்து விலையைக் குறைக்கிறார்கள் அல்லது பலகாரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். உண்மையில் மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் கடைமுன் வந்து நின்று, தட்டு கைக்கு வராததால் திரும்பிப் போனவர்களிடம்தான் அவர்களுடைய வருமானம் போயிருக்கிறது. ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை தட்டு கைமாறுகிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே கீழுள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

நோட்டும் பேனாவும் எடுத்து, கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரு நாளுக்கு ஆகும் செலவை முதலில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, மூன்று நாளுக்கு 12,000 ரூபாய் வாடகை என்றால் ஒரு நாளுக்கு 4,000. கூலிக்கு வரும் இருவருக்கு 900 வீதம் 1,800. வண்டி வாடகை 700. மின்சாரம், தண்ணீர், குப்பை அகற்றுதல் 500. மொத்தம் 7,000 ரூபாய்.

அடுத்து, ஒரு தட்டில் நிற்கும் தொகையைக் கணக்கிடுங்கள். நான்கு பஜ்ஜி கொண்ட தட்டை 40 ரூபாய்க்கு விற்பதாகவும், மாவு, காய், எண்ணெய், எரிவாயு, சட்னி, தட்டு எல்லாம் சேர்த்து 16 ரூபாய் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 24 ரூபாய். 7,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் 292 தட்டு. அதாவது 292 தட்டு விற்ற பிறகே உங்கள் உழைப்புக்கான முதல் ரூபாய் கைக்கு வரும்.

இந்த எண் தெரியாமல் இடம் பிடிப்பதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. "லட்சம் பேர் வருவார்கள்" என்று விழா நடத்துபவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லட்சம் பேர் வந்தாலும் உங்கள் சட்டியிலிருந்து வெளியே வரும் பஜ்ஜிக்கு ஓர் எல்லை உண்டு.

2. சட்டியின் எல்லையை வீட்டிலேயே அளந்து பாருங்கள்

கடைக்குக் கொண்டுபோகப்போகும் அதே அடுப்பிலும் அதே சட்டியிலும் வீட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பொரித்துப் பாருங்கள். ஓர் ஈட்டுக்கு 24 பஜ்ஜி, போட்டுத் திருப்பி எடுத்து எண்ணெய் வடிக்க ஐந்து நிமிடம் என்றால் மணிக்கு 12 ஈடு, 288 பஜ்ஜி, 72 தட்டு. இதற்கு மேல் ஒரு சட்டி தராது. அவசரப்பட்டு 24 போடும் இடத்தில் 35 போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். பஜ்ஜி வேக நேரமாவதோடு எண்ணெயையும் குடிக்கும். சாப்பிட்டவர் இரண்டாவது தட்டு கேட்க மாட்டார், எண்ணெய்ச் செலவும் ஏறும்.

இப்போது இந்த எண்ணை முதல் படியின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கூட்ட நேரமான இரண்டு மணி நேரத்தில் 144 தட்டு. மாலை ஐந்து முதல் ஏழு வரையும் ஒன்பது முதல் பத்து வரையும் உள்ள மூன்று மணி நேரத்தில், மணிக்கு 30 வீதம் 90 தட்டு. ஆக மொத்தம் 234. நமக்கு வேண்டியது 292. கடை முன்னால் கூட்டம் அலைமோதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைக்கு ஒரு நாளில் 1,384 ரூபாய் நட்டம்.

இரண்டாவது சட்டியும் 900 ரூபாய் கூலிக்கு இன்னொரு ஆளும் சேர்த்தால், கூட்ட நேரத்தில் 288 தட்டும் மற்ற நேரத்தில் அதே 90 தட்டும் சேர்ந்து 378 ஆகிறது. தட்டுக்கு 24 வீதம் 9,072 ரூபாய். செலவு 7,900 போக 1,172 ரூபாய் கையில் நிற்கும். விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. நட்டத்தை லாபமாக மாற்றியது ஒரு சட்டிதான். உங்கள் ஊர்க் கூலியும் வாடகையும் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

3. எந்த விழாவில் எதை விற்பது

ஒரு விழாவில் நன்றாகப் போன சரக்கு இன்னொரு விழாவில் அப்படியே தேங்கும். அங்கே மக்கள் எப்படி நடக்கிறார்கள், எப்போது பசிக்கிறார்கள், எது இலவசமாகக் கிடைக்கிறது என்ற மூன்றையும் முந்தைய ஆண்டு நேரில் போய்ப் பார்த்திருந்தால் நல்லது. முடியாவிட்டால், சென்ற ஆண்டு கடை போட்டவர்கள் இருவரிடமாவது கேளுங்கள்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவது காலைப் பொழுதில். அதற்காக மக்கள் முந்தைய இரவிலிருந்தே கூடி நிற்பார்கள். அங்கே கூட்ட நேரம் மாலை அல்ல, நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையும்தான். டீயும் சூடான பலகாரமும் அப்போதுதான் போகும். வெயில் ஏறியதும் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் இலவசமாக வழங்கும் பந்தல்கள் இருக்கும் இடத்தில், மோரை விலைக்கு வைத்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்தில் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வழி நெடுக அன்னதானம் நடப்பதால், சாப்பாடு விற்கப் போனவர்கள் பாத்திரத்தோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். நடந்து களைத்தவருக்கு வேண்டியது நின்றபடியே குடிக்கக்கூடிய சூடான பாலும் டீயும், கையில் எடுத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகவைத்த கடலையும்தான்.

சென்னை, ஈரோடு போன்ற ஊர்களின் புத்தகத் திருவிழாக்களில் வருபவரின் ஒரு கை புத்தகப் பையில் மாட்டியிருக்கும். மற்றொரு கையால் மட்டும் தின்ன முடிகிற பண்டமே அங்கே விலைபோகும். சாம்பார் ஊற்றிய இட்லியைவிட, தொன்னையில் குச்சியோடு தரும் மசாலாச் சுண்டலும் சோளமும் அங்கே வேகமாகப் போகும்.

புரட்டாசியில் அசைவம் தவிர்க்கும் குடும்பங்கள் ஏராளம். ஆடி மாத அம்மன் கோயில் விழாக்களில் கோயிலருகே அசைவக் கடைக்கு இடமே தரமாட்டார்கள். இவற்றைத் தேதி முடிவு செய்யும்போதே நினைவில் கொள்ளுங்கள்.

பலகாரப் பட்டியல் நான்குக்கு மேல் போக வேண்டாம். சட்டியில் பொரிப்பது இரண்டு, அடுப்பைத் தொடாதது ஒன்று, குடிப்பது ஒன்று என்று இருந்தால் போதும். பத்துப் பலகாரம் எழுதிய பலகை முன்னால் நிற்பவர் படித்து முடிவு செய்யவே அரை நிமிடம் ஆகிறது. அவருக்குப் பின்னால் நிற்கும் குழந்தை அதற்குள் அப்பாவைப் பக்கத்து டெல்லி அப்பளக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

4. இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் எழுத்தில் வாங்குவதும்

நுழைவாயிலை ஒட்டிய இடத்துக்கு வாடகை அதிகம். ஆனால் உள்ளே வருபவர் அப்போதுதான் வீட்டிலிருந்து வந்திருப்பார். சுற்றிப் பார்க்கும் ஆவல்தான் அவருக்கு இருக்கும், பசி இருக்காது. வெளியேறும் வழி, ராட்டினத்துக்கு வரிசை நிற்கும் இடம், கலை நிகழ்ச்சி மேடைக்கு எதிர்ப்புறம், உட்காரத் திண்ணையோ மரத்தடியோ இருக்கும் பக்கம் ஆகியவை குறைந்த வாடகையிலும் கூடுதல் விற்பனை தரும். இரண்டு பக்கம் திறந்த மூலைக் கடை கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் எடுங்கள். ஒரு பக்கம் பணம் வாங்கி மறுபக்கம் தட்டு கொடுக்கலாம் என்பதே காரணம். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உள்ள இடம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொருவரும் இரண்டு முறை கத்திச் சொன்னால்தான் உங்களுக்குக் கேட்கும். அந்த நேரமும் தட்டுக் கணக்கில்தான் குறையும்.

ஒருமுறை, பஜ்ஜிக் கடை நீங்கள் ஒருவர்தான் என்று விழா நடத்துபவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி முழு வாடகையும் கட்டினேன். திறப்பு நாளன்று பார்த்தால் அதே வரிசையில் நான்கு பஜ்ஜிக் கடைகள் இருந்தன. அதன்பின், ஒரே பண்டத்துக்கு எத்தனை கடைகள், எத்தனை வாட் மின்சாரம், தண்ணீர் எங்கே, இரவு எத்தனை மணிக்குக் கடையை மூட வேண்டும், மழையால் விழா நின்றால் வாடகை திரும்புமா என்ற ஐந்து கேள்விக்கும் பதிலை ரசீதின் பின்புறமாவது எழுதிக் கையெழுத்து வாங்காமல் பணம் கொடுப்பதில்லை.

5. காகிதங்களும் தடை செய்யப்பட்ட பொருட்களும்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, தற்காலிகக் கடை போடுபவரும் பதிவு செய்தே ஆக வேண்டும். விழா நடத்துபவர் வாங்கிய அனுமதி உங்கள் கடையைக் காப்பாற்றும் என்று நினைப்பது தவறு. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பித்து 14 இலக்கப் பதிவு எண்ணைப் பெற்று, சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். விழாவுக்கு முந்தைய வாரத்தில் ஓடாமல் ஒரு மாதத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் மருத்துவச் சான்று வேண்டும்.

எரிவாயுவுக்கு 19 கிலோ வணிக சிலிண்டரையே பயன்படுத்த வேண்டும். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைத்தால் பறிமுதல் செய்யலாம். பறிமுதல் ஆகும் நேரம் பெரும்பாலும் கூட்ட நேரமாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. புதியவர்கள் பலர், காகிதக் கப் என்பதால் தடையில்லை என்று நினைத்துப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்துவிடுகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. பாக்குமட்டைத் தட்டு, தொன்னை, வாழையிலை நறுக்கு, கண்ணாடி டம்ளர் ஆகியவற்றுக்கு மாறுங்கள். செய்தித்தாளில் பலகாரத்தை வைத்துக் கொடுப்பதற்கும் தடை உண்டு. அச்சு மையிலுள்ள நஞ்சு, சூடான எண்ணெய் பட்டவுடன் உணவில் இறங்கிவிடும்.

நிறமூட்டிகளில் மிகுந்த கவனம் வேண்டும். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டறியப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. காளானுக்கும் காலிஃபிளவருக்கும் கடைத்தெருவில் பொட்டலமாக விற்கும் செந்நிறப் பொடியைப் போடாமல், காஷ்மீர் மிளகாயை அரைத்துச் சேருங்கள். நிறம் சற்றுக் குறையும். நம்மிடம் பஜ்ஜி வாங்கித் தின்பவர்களில் பாதிப்பேர் குழந்தைகள் என்பதை நான் ஒருநாளும் மறப்பதில்லை.

6. விலை வைப்பது

எல்லா விலையும் பத்தின் மடங்காக இருக்கட்டும். 35 ரூபாய் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் ஐந்து ரூபாய் தேட வேண்டும். பணம் எண்ணும் பத்து விநாடி வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கூடிக்கொண்டே போகும். விலையை உயர்த்துவதா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தால், 35க்குப் பதில் 30 வைத்து மூன்று பஜ்ஜி கொடுங்கள், அல்லது 40 வைத்து நான்கு கொடுங்கள்.

பஜ்ஜியும் டீயும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று எழுதுவது பலருக்கும் பிடித்த யோசனை. அதையும் கணக்குப் பார்த்தே செய்ய வேண்டும். 40 ரூபாய் பஜ்ஜியில் 24 ரூபாய் நிற்கிறது. 20 ரூபாய் டீக்குச் செலவு 7 என்றால் அதில் 13 நிற்கிறது. இரண்டையும் 50க்குத் தந்தால் மொத்தமாக நிற்பது 27. பஜ்ஜி மட்டும் விற்றிருந்தால் வந்திருக்கும் 24ஐவிட மூன்று ரூபாய்தான் கூடுதல். அந்த மூன்று ரூபாய்க்காக ஒரு கை டீ ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தள்ளுபடி இல்லாமல் 60க்கே விற்றால் 37 நிற்கும். பஜ்ஜி கேட்பவரிடம் "டீயும் போடட்டுங்களா?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்டால் போதும், தள்ளுபடி தேவைப்படாது.

நான் பரிந்துரைக்கும் ஒரே தொகுப்பு, குடும்பத் தட்டு. பத்துப் பஜ்ஜி 100 ரூபாய். ஒரு பஜ்ஜியின் விலை அதே பத்து ரூபாய்தான், தள்ளுபடி கிடையாது. ஆனால் இரண்டரைத் தட்டுக்கான பணம் ஒரே நோட்டில் வந்துவிடுகிறது, வரிசை நகர்கிறது, பிள்ளைகளோடு வருபவருக்கும் பங்கிட எளிதாக இருக்கிறது.

தண்ணீர் பாட்டில், குளிர்பானம் போன்றவற்றை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். குளிரூட்டியதற்கு இரண்டு ரூபாய் என்று சேர்த்து வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

7. அடுப்பைத் தொடாத சரக்கு

சட்டிக்கு எல்லை இருக்கிறது என்று பார்த்தோம். அதற்கு மேல் வருமானம் கூட வேண்டுமானால், கூட்ட நேரத்தில் சட்டியையும் அடுப்பையும் கேட்காத ஒரு பண்டம் வேண்டும். வீட்டிலேயே சாறும் சர்க்கரைப் பாகும் அளவாகக் கலந்து கொண்டுவரும் எலுமிச்சை அல்லது நன்னாரி சர்பத், மதியமே வேகவைத்துத் தாளித்த சுண்டல், முந்தைய நாள் சுட்ட முறுக்கு ஆகியவை இந்த வகையில் வரும்.

20 ரூபாய் சர்பத்துக்குச் செலவு 7 ரூபாய் என்றால் ஒரு டம்ளரில் 13 ரூபாய் நிற்கும். இரவுக்குள் 150 டம்ளர் போனால் 1,950 ரூபாய். இரண்டாம் படியில் கண்ட 1,172 ரூபாயோடு இதைச் சேர்த்தால் 3,122. வாடகையும் ஆள்கூலியும் ஏற்கெனவே பஜ்ஜியின் கணக்கில் கழிந்துவிட்டதால், இந்த 1,950 முழுவதும் கையில் நிற்கிறது. சர்பத்துக்கென்று தனியாகக் கடை போட்டிருந்தால் வாடகைக்கே அது போதாது.

குடிக்கும் பானத்துக்கு உண்ணத் தகுந்த ஐஸையே வாங்குங்கள். மீனுக்கு வைக்கும் பாளக் கட்டியை உடைத்துப் போடுவது கொடிய பழக்கம். முறுக்கை வீட்டில் பொட்டலம் கட்டி ஒட்டினால் முகவரி, தேதி, பதிவு எண் என்று முறையான விவரங்கள் அச்சிட வேண்டியிருக்கும். கண்ணாடி ஜாடியில் வைத்துத் தொன்னையில் எண்ணிக் கொடுப்பது சிறு கடைக்கு எளிது.

8. முன்தயாரிப்பு

கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த் தூள், பெருங்காயம், உப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து, உலர்ந்த நிலையில் அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டுங்கள். கடையில் ஒரு பொட்டலத்துக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று ஒரே அளவாக ஊற்றிக் கரைத்தால் யார் கரைத்தாலும் சுவை மாறாது. இதைவிடப் பெரிய பயன், கரைக்காத பொட்டலம் மறுநாளைக்கு அப்படியே இருக்கும் என்பது. பத்துக் கிலோ மாவை மாலையிலேயே கரைத்துவிட்டு, மழை வந்ததும் அதைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு.

வாழைக்காயைச் சீவியதும் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். வெங்காயத்தில் முன்கூட்டியே உப்புச் சேர்த்தால் நீர்விட்டு மாவு இளகும். தேங்காய்ச் சட்னி சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால், தேங்காயில்லாத காரச் சட்னி வையுங்கள். தேங்காய்ச் சட்னிதான் வேண்டும் என்றால் சிறு பாத்திரங்களில் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்து ஒன்று முடிந்ததும் மற்றொன்றைத் திறக்கலாம். சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர வைக்கும் உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்தே போக வேண்டும். மழையில் பஜ்ஜியும் டீயும் நன்றாகவே விற்கும், வாங்குபவர் நனையாமல் நிற்க இடமிருந்தால். தார்ப்பாயைக் கடையோடு நிறுத்தாமல் முன்புறம் ஆறடி நீட்டிக் கட்டுங்கள். பக்கத்துக் கடைகளின் கூட்டமும் அந்த ஆறடிக்குள் வந்து நிற்கும். நிற்பவர் வாங்குவார்.

9. கூட்ட நேரம்

மூன்று வேலையையும் பிரித்துவிடுங்கள். ஒருவர் சட்டியில், ஒருவர் தட்டில், ஒருவர் கல்லாவில். பணம் வாங்கியவரே தட்டும் கொடுத்தால் ஓர் ஆளுக்கு 40 விநாடி ஆகும், மணிக்கு 90 பேர்தான். பிரித்தால் 20 விநாடியில் முடியும், 180 பேர். இரண்டாவது சட்டி வாங்கிய பின்னும் விற்பனை உயராத கடைகளில் பெரும்பாலும் கல்லாவில்தான் அடைப்பு இருந்தது. பணத்தைத் தொட்ட கை உணவைத் தொடாமல் இருப்பது சுகாதாரத்துக்கும் நல்லது, பார்ப்பவருக்கும் நம்பிக்கை தரும்.

உரிமையாளர் எங்கே நிற்க வேண்டும் என்பதில் என் கருத்து பலரிடமிருந்து வேறுபடும். பெரும்பாலோர் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தட்டு வைக்கும் இடத்தில் நிற்பதே சரி என்பேன். சட்டியில் அடுத்த ஈடு எப்போது வரும், வரிசையில் எத்தனை பேர், சட்னி எவ்வளவு மிச்சம் என்ற எல்லாமும் அங்கிருந்துதான் தெரியும். நான்கு பஜ்ஜிக்குப் பதில் ஐந்து போய்விடாமல் பார்க்கவும் அந்த இடமே ஏற்றது.

கூட்டம் சேர்வதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே இரண்டு சட்டியும் காய்ந்திருக்க வேண்டும். முதல் ஈட்டை முன்னால் நிற்பவர் பார்க்கும்படி பொரியுங்கள், வாசனையே ஆளை நிறுத்தும். ஆனால் முன்கூட்டியே மலைபோலப் பொரித்துக் குவிக்காதீர்கள். ஆறிய பஜ்ஜியைப் பார்த்தவர் பக்கத்துக் கடையின் சட்டியைத் தேடிப் போவார். அதிகபட்சம் ஓர் ஈடு கையிருப்பில் இருந்தால் போதும்.

யூபிஐ கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒன்றும், வரிசை தொடங்கும் இடத்தில் ஒன்றும் மாட்டினால், முறை வருவதற்குள் பலர் பணம் அனுப்பிவிட்டிருப்பார்கள். திருவிழா இரைச்சலில், பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டி சொல்வது கேட்காது. கைபேசியைக் கல்லாவில் இருப்பவர் கையிலேயே வைத்து, பணம் வந்ததைத் தன் திரையில் பார்த்த பிறகே தட்டுக்குச் சொல்ல வேண்டும். வாங்குபவர் காட்டும் திரையை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் பலர். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் இணையம் படுத்துவிடும் என்பதால் வேறு நிறுவனத்தின் சிம் கொண்ட இரண்டாவது கைபேசியும், 2,000 ரூபாய்க்குப் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையும் முதல் நாளே வைத்திருங்கள்.

விலைப் பலகையில் நான்கு பண்டம், நான்கு விலை மட்டும் இருக்கட்டும். இருபதடி தூரத்திலிருந்து இரவில் படிக்க முடிகிறதா என்று நீங்களே போய் நின்று பாருங்கள். கடவுள் படமும் கைபேசி எண்ணும் பெரிதாகவும், விலை சிறிதாகவும் அச்சடித்த பிளக்ஸால் வரிசை நகராது.

10. கடைசி மணி நேரமும் இரவுக் கணக்கும்

ஒன்பது மணிக்கு மேல் ஒரு சட்டியை அணைத்துவிடுங்கள். மீதியை விற்க விலையைக் குறைத்துக் கூவ வேண்டாம். பல நாள் விழாவில் உள்ளூர்க்காரர்கள் மறுநாள் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். மிஞ்சியதை வேலையாட்களுக்கும் காவலாளிக்கும் கொடுங்கள். அன்று பொரித்த எண்ணெயை மறுநாள் புது எண்ணெயோடு கலக்கக் கூடாது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. நிறம் கறுத்து, நுரை கட்டி, சீக்கிரம் புகைந்தால் அதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

கணக்குக்கு நான் நம்புவது தட்டுகளைத்தான். கடை திறக்கும்போது பாக்குமட்டைத் தட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி எண்ணி வையுங்கள். மணிக்கொரு முறை மீதியை எண்ணி நோட்டில் எழுதுங்கள். திறக்கும்போது 450 இருந்து இரவில் 72 மிஞ்சினால் 378 தட்டு போயிருக்கிறது, கல்லாவிலும் கைபேசியிலும் சேர்த்து அதற்கான 15,120 ரூபாய் இருக்க வேண்டும். குடும்பத் தட்டை வேறு அளவுத் தட்டில் கொடுத்தால் அதன் கணக்கும் தனியே நிற்கும். தொகை குறைந்தால் அன்றே ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள். இலவசமாகப் போனதா, உடைந்ததா, பணம் வராத யூபிஐயா என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

மணிவாரிக் கணக்கில் ஏழு முதல் எட்டு வரை 144 தட்டும், எட்டு முதல் ஒன்பது வரை 110 தட்டும் போயிருந்தால், அந்த இரண்டாவது மணியில் என்ன தடைபட்டது என்று பாருங்கள். சட்னி தீர்ந்து அரைக்கப் போனார்களா, சிலிண்டர் மாற்றினார்களா, சில்லறை வாங்க ஓடினார்களா என்று காரணத்தை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மறுநாள் அந்த ஒன்றை மட்டும் கூட்ட நேரத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். அதற்கடுத்த வரியில், நாளைக்குக் கட்ட வேண்டிய மாவுப் பொட்டலங்களின் எண்ணிக்கையை எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள்.